நத்தை போகிற வழி

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டில் பவளம் வளர்க்க வைத்திருக்கும் தொட்டியின் உப்புத் தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். இது மூன்றாவது தடவை. காரணம், நத்தை.

முதல் கல் பவளம் வந்து நான்கு நாள் ஆகிறது. மாண்டிபோரா என்ற வகை, கட்டைவிரல் அளவு. தொட்டி வைத்து ஐந்து மாதம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தொட்டிக் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கக் காத்துக்கிடந்தது, அது முடிந்ததும் மணல் முழுக்கப் பழுப்புப் பாசி படர்ந்து துருப்பிடித்த தகரம் மாதிரி ஆனது, எல்லாம் புலம்பித் தீர்த்தாயிற்று. இதைவிடச் செல்லம் கேட்கும் அக்ரோபோரா பவளம் வாங்கக் கை அரித்தது உண்மைதான். தொட்டி இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

வந்த விருந்தாளிக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே! பையோடு மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்து, மருந்துத் தண்ணீரில் முக்கி, பூச்சி முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, கண் கூசாமல் இருக்க விளக்கையும் பாதியாகக் குறைத்தேன். (பவளத்துக்கு ஏது கண்? அது வேறு விஷயம்.) "பையன் பிறந்தப்போ ஆஸ்பத்திரிக்கே லேட்டாத்தான் வந்தீங்க" என்றாள் மனைவி. வாதாட முடியவில்லை.

சூப்பர் குளூ ஜெல் தண்ணீருக்குள்ளும் ஒட்டும். பவளம் பாறையில் ஒட்டியதைவிட என் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டின. மறுநாளே, பாசி தின்ன விட்டிருந்த டர்போ நத்தை புல்டோசர் மாதிரி வந்து முட்டித் தள்ளிவிட்டது. பவளம் பாறைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது. எடுத்து ஒட்டினேன். மறுபடி தள்ளியது. நத்தையைத் திட்டினால் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அது பாட்டுக்கு அது வழியில போகுது. நீதான்டா வழியில வீட்டைக் கட்டி வெச்சிருக்க."

இதற்கிடையில் ஃபிரிட்ஜ் கதவில், தொட்டித் தண்ணீரின் அளவுகள் எழுதும் என் தாள். கால்சியம் 430, மக்னீசியம் 1320, ஆல்கலினிட்டி, அதாவது பவளம் எலும்பு கட்ட உறிஞ்சும் காரத்தன்மை, 8.3. எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பவளம் பொறுத்துக்கொள்ளும். திடீரென்று ஏறி இறங்கினால்தான் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரியும். அதனால் தினமும் காலை ஆறரைக்குச் சொட்டு எண்ணி டெஸ்ட். இத்தனூண்டு பவளம் எவ்வளவு உறிஞ்சிவிடப் போகிறது? 8.3, 8.3, 8.3. இருந்தாலும் எண்ணுகிறேன்.

இன்று காலை அந்தத் தாளில் ஸ்கேலால் கோடு போட்டுப் புதிதாக ஒரு பத்தி. தலைப்பு, "இவர்". மூன்று மாதமாக எங்கே போனது என்று நான் தேடாத சுகர் மிஷின், ஊசியோடு ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது.

"அதுக்கும் ஆறரை, உங்களுக்கும் ஆறரை. வெறும் வயித்துல."

குத்தினாள். 148 என்று அவளே எழுதினாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"ஏன்டா, அந்தக் கல்லே எட்டுல நிக்குது. உனக்கு என்ன கேடு?"