சேந்துருச்சுன்னு தெரியுற வரைக்கும்

போன வாரம் பள்ளத்தூர் வீட்டு மாடில ஆயாவும் நானும் நின்னுக்கிட்டு இருந்தோம், பொழுது சாஞ்ச நேரம், விண்வெளி நிலையம் தலைக்கு மேல போச்சு, கண்ணு சிமிட்டாத ஒரு வெளிச்சம் கடகடன்னு நகருது. அதுல ஆளுக இருக்காங்க ஆயான்னேன். உடனே, "அதுகளுக்குச் சோறு தண்ணி யாருப்பா குடுத்து விடுறா?"ன்னு கேட்டாங்க.

ஆளில்லாத சரக்குக் கப்பல்தான் ஆயா. 1978 ஜனவரில சோவியத் நாடு விட்ட புரோகிரஸ் 1, சல்யூட் 6 நிலையத்துல போய் இணைஞ்சுச்சே, அதுதான் முதல்ல போனது. இன்னைக்கும் புரோகிரஸ் வகைக் கப்பல் சுமார் ரெண்டரை டன் சாமானோட போகுது, உள்ள ஓட்டுறவங்க கிடையாது, ரேடியோ சிக்னல வச்சு தானாப் போய் ஒட்டிக்கும். சாப்பாடு, தண்ணி, எரிபொருள் எல்லாம் இருக்கும். அதோட 400 கிலோமீட்டர் உயரத்துலயும் துளி காத்து இருக்குறதால நிலையம் கொஞ்சங்கொஞ்சமா கீழ எறங்கும், அப்ப இந்தக் கப்பலே தன் இன்ஜின ஓட்டி அதை மேல தூக்கி விடும், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த வேலைதான்.

"பாத்திரம் திரும்பி வருமா?"ன்னாங்க. எங்க வீட்டுத் தூக்குல பேரெழுத்து வெட்டியிருக்கும், பலகாரம் போன தூக்கு வெறுமனே திரும்பாது, கொஞ்சம் சீனியாவது போட்டு வரும். இது வராது ஆயா, அங்க சேந்த குப்பைய அடைச்சு அனுப்பிருவாங்க, பசிபிக் கடலுக்கு மேல எரிஞ்சு போயிரும். அமெரிக்காவோட டிராகன் சரக்குக் கப்பல் மட்டும் ஆராய்ச்சிச் சாமானோட கடல்ல பத்திரமா எறங்கும்.

எட்டே மாசத்துல மூணு சரக்குக் கப்பல் நிலையத்துக்குப் போய்ச் சேராமலே வீணாப் போனதையும் சொன்னேன். 2014 அக்டோபர்ல சிக்னஸ்ங்குற இன்னொரு அமெரிக்கக் கப்பல், 2015 ஏப்ரல்ல புரோகிரஸ், ஜூன்ல டிராகன். மேல மாசக்கணக்குக்கு இருப்பு வச்சிருந்ததால யாரும் பட்டினி கிடக்கல. ஜூலை 5 அடுத்த புரோகிரஸ் போய்ச் சேந்துச்சு, அதைப் படிச்சப்ப எனக்கு உண்மையிலயே நெஞ்சு லேசாச்சு.

ஆயா கொஞ்ச நேரம் பேசல. ஐயா பினாங்குல இருந்தப்ப ரஜூலா கப்பல்ல போறவங்க கையில முறுக்கும் மாவுருண்டையும் குடுத்து விடுவாங்களாம். "சேந்துருச்சுன்னு கடுதாசி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காதுப்பா"ன்னாங்க.