ஏழு புள்ளி வைத்த தூண்

3 மீட்டர் உயரம், 400க்கு 400 மில்லிமீட்டர் குறுக்களவு, எம்30 தரக் கான்கிரீட், 20 மில்லிமீட்டர் எஃப்இ500 தரக் கம்பி எட்டு. அடியில் மட்டும் பிடிப்புள்ள ஒற்றைத் தூண். தலையில் பாரத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கட்டமைப்புகளைக் கணினியில் சோதிக்கும் ஓப்பன்சீஸ் மென்பொருளில் முதல் வாரமே எல்லோரும் செய்கிற கணக்குதான். எனக்கு நான்கு நாள் பிடித்தது.

தள்ளும் விசைக்கும் நகர்வுக்குமான வரைபடத்தில், உச்ச விசையைத் தொட்டதும் கோடு செங்குத்தாக விழுந்தது. நெருக்கமாக ரிங் கட்டிய தூண் அப்படிக் கண்ணாடிபோல் உடையாது.

முதலில் கான்கிரீட்டைத்தான் சந்தேகித்தேன். இழுவிசையே தாங்காத கான்கிரீட்01 என்ற மென்பொருள் மாதிரியை எடுத்துவிட்டு, கொஞ்சம் தாங்கும் கான்கிரீட்02-ஐப் போட்டேன். விரிசலுக்கு முந்தைய விறைப்பு சற்றுக் கூடியது. சரிவு அப்படியே இருந்தது. கம்பி மாதிரியிலும் ஸ்டீல்01-க்குப் பதில் ஸ்டீல்02. ஒரே திசையில் தள்ளும்போது அதனாலும் பெரிய மாற்றமில்லை.

கோளாறு உறுப்பில், அதாவது தூணைக் கணக்கில் குறிக்கும் துண்டில், இருந்தது. நான் எடுத்தது விசை அடிப்படையிலான உறுப்பு. அதை இன்றும் மிகவும் மதிக்கிறேன். சமநிலையை நீளம் முழுவதும் சரியாகக் காப்பதால் தூணுக்கு ஒன்றே போதும். இடப்பெயர்ச்சி அடிப்படையிலான உறுப்போ, வளைவு நேர்கோட்டில் மாறுவதாக வைத்துக்கொள்கிறது. பல துண்டுகளாக வெட்டாவிட்டால் தூணை உள்ளதைவிட வலுவாகக் காட்டிவிடும்.

ஆனால் கான்கிரீட் நொறுங்கத் தொடங்கியதும் விசை உறுப்பில் சேதம் முழுவதும் அடியிலுள்ள ஒரே தொகையிடல் புள்ளியில் (உறுப்பின் நீளத்தில் கணக்குப் போடப்படும் இடம்) குவிகிறது. இரு முனைகளிலும் புள்ளி வைக்கும் காஸ்-லோபாட்டோ முறையில் ஏழு புள்ளி வைத்தால், அந்தக் கடைசிப் புள்ளிக்குக் கிடைப்பது நீளத்தில் 42-இல் ஒரு பங்கு. துல்லியம் கூடட்டும் என்று நான் வைத்தது ஏழு. அதாவது 3 மீட்டர் தூணில் வெறும் 71 மில்லிமீட்டர் மட்டும் நொறுங்கிக்கொண்டிருந்தது! ஐந்து வைத்தால் 150, மூன்று வைத்தால் 500. பாலே, பிரீஸ்ட்லி இருவரின் 1992ஆம் ஆண்டுச் சூத்திரப்படி இந்தத் தூணின் பிளாஸ்டிக் ஹிஞ்ச் நீளம், அதாவது அடியில் நிரந்தரமாக வளையும் பகுதியின் நீளம், 460 மில்லிமீட்டர்.

கோல்மனும் ஸ்பகோனேவும் 2001-லேயே இதை விளக்கி, கான்கிரீட்டின் திரிபு மதிப்புகளை அந்த நீளத்துக்கேற்பத் திருத்தும் வழியையும் காட்டிவிட்டார்கள். அப்படியும் நான் படித்த பல அறிக்கைகளில் கான்கிரீட் மாதிரிக்கு அரைப் பக்கம் இருக்கிறது, புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரி இல்லை. எண்ணிக்கை தெரியாமல் அந்த வரைபடங்களை நான் எப்படி நம்புவது?

இப்போது மூன்று புள்ளி. கோடு நிதானமாக இறங்குகிறது. அடுத்த வாரம் இதே தூணை முன்னும் பின்னுமாகத் தள்ளப்போகிறேன். ஸ்டீல்02-க்கு அங்கேதான் வேலை.