எச்சத்திலிருந்து தொடங்கிய பாடம்

சூழ்நிலை மண்டலம் பாடத்தை முதல் சில ஆண்டுகள் வரையறையிலிருந்துதான் தொடங்கினேன். உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஒருநாள், "நம் ஊர் ஏரியில் உற்பத்தியாளர் யார்?" என்று கேட்டபோது, "மீன் வளர்க்கிறவர், ஐயா" என்றான் ஒருவன். தன் உணவைத் தானே தயாரிக்கும் பாசியும் செடியும்தான் உற்பத்தியாளர். ஆனால் பிழை அவனுடையதல்ல. ஏரியைக் காட்டாமலே சொல்லை மட்டும் கொடுத்தவன் நான்.

அடுத்த ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துச் சென்றேன். கரையில் நின்றதும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களின் இலைகள், சுண்ணாம்பு அடித்ததுபோல் பறவை எச்சத்தால் வெளுத்திருந்தன. அந்த நாற்றத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். எச்சம் தண்ணீரில் விழுகிறது. அதிலுள்ள நைட்ரஜனில் பாசி செழிக்கிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயலில் நெல்லுக்கும் அதுவே உரம். இந்த ஊர் உழவர்களுக்கு இது தலைமுறைகளாகத் தெரியும். பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொள்ள, 1798இலேயே கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றிருக்கிறார்கள்.

பிறகு, எது எதைத் தின்கிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் உணவு வலையை வரையச் சொன்னேன். ஒரு மாணவி பாதியில் நிறுத்திவிட்டு, "இத்தனை பறவைக்கும் இந்த ஏரி மீன் போதுமா?" என்று கேட்டாள். போதாது. ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். கூடு இங்கே, இரை சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். நத்தைகுத்தி நாரை, நடுவில் இடைவெளி விட்ட அலகால் நத்தையைப் பிடிப்பது பெரும்பாலும் வயலில்தான். அவள் தன் படத்தின் வட்டத்துக்கு வெளியே இருந்து உள்ளே ஓர் அம்புக்குறி போட்டாள். அன்றைய பயணத்தின் பலனே அந்த அம்புக்குறிதான் என்பேன்.

நடப்புச் சிக்கலுக்கு வழி விட்டதும் அதுவே. சரணாலயத்தின் எல்லை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர். 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை எழுந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. செய்தியை வாசித்துக் காட்டி, "படத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னேன். வெளியே இருந்து வரும் அம்புகள் அறுந்தால் என்ன ஆகும் என்று அவர்களே பேசத் தொடங்கினார்கள். 2022இல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததைப் பிறகு சொன்னபோது, அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்: ஐந்து மதிப்பெண் விடையில் வரையறைக்கு ஒரு வரி போதும். தெரிந்த ஓர் இடத்தின் பெயரை எழுதி, அங்குள்ள உயிர்களைக் கொண்டே படம் போடுங்கள். வேடந்தாங்கலுக்குப் போக முடியாத ஆசிரியர்கள் உள்ளூர் ஏரிக்கே அழைத்துப் போகலாம். ஆனால் இரண்டு முறை போங்கள்: மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. பறவைப் பெயர்களை முதலில் சொல்லிவிடாதீர்கள். அது எதைத் தின்கிறது என்பதை அவர்கள் குறித்துக்கொண்ட பிறகு சொல்லுங்கள்.