பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிறந்த நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

என் மாமனார் 1940இல் ஷகர்கட்டில் பிறந்தவர். அன்று அது பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தின் நான்கு தாலுகாக்களில் ஒன்று. 1947 ஆகஸ்ட் 17 அன்று, அதாவது சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் போட்ட இந்திய-பாகிஸ்தான் எல்லைக்கோடு வெளியானது. மற்ற மூன்று தாலுகாக்கள் இந்தியாவுக்கு வந்தன. ராவி ஆற்றுக்கு அப்பால் இருந்த ஷகர்கட் பாகிஸ்தானுக்குப் போனது. ஏழு வயதில் ஆற்றைக் கடந்து வந்தவர் அதன்பின் அந்தப் பக்கம் போனதே இல்லை.

2023இல், "கண் மூடுவதற்குள் கர்த்தார்பூர் குருத்வாராவை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றார். அது எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் இருக்கிறது. இந்திய யாத்ரீகர்களுக்கென்று இருந்த தனி வழித்தடத்தில் போக அன்று விசா வேண்டாம், பாஸ்போர்ட்டும் இணையப் பதிவும் இருந்தால் போதும். அவரிடம் அதுவும் இல்லை.

விண்ணப்பத்தை லூதியானாவில் ஓர் ஏஜென்டிடம் கொடுத்ததுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. பிறந்த நாடு என்ற இடத்தில் அந்த ஏஜென்ட் 'பாகிஸ்தான்' என்று போட்டுவிட்டார். நாங்களும் சரிபார்க்கவில்லை. பாஸ்போர்ட் அலுவலகக் கவுன்டரில் இருந்தவர் அதைப் பார்த்ததும் குடியுரிமைச் சான்று கேட்டார், அப்புறம் ஷகர்கட்டின் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். 83 வயது மனிதர் நின்றுகொண்டே, "நான் பிறந்தபோது பாகிஸ்தான் எங்கே இருந்தது?" என்று கேட்டார். பதில் வரவில்லை. கோப்பைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். அன்று வீடு திரும்பும்வரை அவர் யாரிடமும் பேசவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

ராத்திரி உட்கார்ந்து பாஸ்போர்ட் விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. 15.08.1947க்கு முன், இன்று பாகிஸ்தானிலோ வங்கதேசத்திலோ இருக்கும் ஊரில் பிறந்தவர்கள் நாட்டின் பெயராக 'அன்டிவைடட் இந்தியா' (பிரிக்கப்படாத இந்தியா) என்றுதான் குறிப்பிட வேண்டும். பிறந்த தேதிக்கு பான் அட்டை போன்றவையே போதும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோனேன். இரண்டாவது முறை வேறு அதிகாரி. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டது.

கர்த்தார்பூர் பதிவு இணையத்திலேயே முடிந்தது. ஆனால் போலீஸ் விசாரணைக்கு வந்த நாளில் மாமனார் உறவினர் வீட்டில் இருந்தார். எனக்கும் மனைவிக்கும் அனுமதிக் கடிதம் வந்தது, அவருக்கு மட்டும் வரவில்லை. நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்று வழித்தடம் தொடங்கும் எல்லை ஊரான தேரா பாபா நானக் வரை போனோம். வீண் அலைச்சல். வேறு தேதி போட்டு மறுபடி விண்ணப்பித்தோம், இந்த முறை அவருக்கும் அனுமதி கிடைத்தது. பதிவு செய்தபின் போலீஸ் வந்துபோகும்வரை பெரியவர்கள் வீட்டை விட்டு நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது தலைக்கு 20 டாலர் கட்டணம் இருந்தது, பை 7 கிலோவைத் தாண்டக் கூடாது, ரொக்கம் 11,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது.

ஒன்றை முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். குருத்வாரா வளாகத்தை விட்டு வெளியே போக முடியாது, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். ஷகர்கட் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் போக வழியில்லை. அங்கே போனபிறகுதான் அவருக்கு இது புரிந்தது. முகம் வாடிவிட்டது.

குருத்வாராவின் பொதுச் சாப்பாட்டுக் கூடமான லங்கரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான்காரர் ஷகர்கட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் மாமனார் தட்டைக் கீழே வைத்துவிட்டார். கடைவீதி, பள்ளிக்கூடம், கிணறு என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அந்த மனிதர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் போய் எழுப்பினேன்.

2025 மே மாதம் வழித்தடம் மூடப்பட்டது. பதிவு செய்வதற்கு முன் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள்.