ஓதம், இறகு, எண்ணிக்கை

எங்கள் மாடி ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம் பாறை, அதைத் தாண்டி ஈர மணல், அப்புறம் கடல். அந்தத் துண்டுக் கரையில் வந்து போகும் பறவைகளைப் பல வருடங்களாக நோட்டில் எழுதி வருகிறேன்.

தேதிக்கு அடுத்து முதலில் குறிப்பது ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறியிருக்கிறதா வற்றியிருக்கிறதா என்பதை. தண்ணீர் வற்றியிருக்கும்போது உள்ளான்கள் என்கிற சிறு கரைப்பறவைகள் தூரத்தில் சிதறி மேயும். டெலஸ்கோப்பில் பார்த்தாலும் வெறும் புள்ளிகள்தான். தண்ணீர் ஏற ஏற மேயும் இடம் மூழ்கி, எல்லாம் பாறைக்கு வந்து ஒண்டும். எண்ணுவதற்கு அதுதான் நேரம். ஓதத்தைக் குறிக்காமல் ‘நேற்று நாற்பது, இன்று ஐந்து’ என்று எழுதி வைத்தால், பறவை குறைந்ததா, அவை வேறு பக்கம் மேயப் போயிருந்தனவா என்று பின்னால் படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

கல்திருப்பி உள்ளான்மேல் எனக்குத் தனிப் பிரியம். கல்லையும் பாசியையும் அலகால் புரட்டிக்கொண்டே நடக்கும். குளிர்காலம் முழுக்க மங்கிய பழுப்பு. ஏப்ரல் வாக்கில் முதுகில் செங்கல் நிறம் ஏறி, முகத்தில் கறுப்பும் வெள்ளையும் பளிச்சிட ஆரம்பித்தால், வடதுருவப் பக்கம் கூடுகட்டக் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். அதனால் எண்ணிக்கையோடு ‘பாதிச் சிவப்பு’, ‘முழுச் சிவப்பு’ என்றும் எழுதுகிறேன். எத்தனை வந்தன என்பதைவிட எப்போது நிறம் மாறின என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஜூனிலும் நோட்டை மூடுவதில்லை. நிறம் மாறாத சாம்பல் உப்புக்கொத்தி என்கிற கரைப்பறவை ஒன்றிரண்டு நிற்கும். இணைசேரும் வயது வராத இளசுகள் அந்த வருடம் வடக்கே போகாமல் தங்கிவிடுவதுண்டு.

ஆகஸ்ட் வந்தால் முதலில் திரும்புவது வளர்ந்த பறவைகள், தேய்ந்துபோன இறகுகளோடு. அந்த வருடக் குஞ்சுகள் பெரும்பாலும் சில வாரம் கழித்துத்தான் வரும், விளிம்பு கலையாத புத்தம்புது இறகோடு. வழிகாட்ட பெற்றோர் இல்லாமலே வருகின்றன! 2022இல் ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாட்கள் எங்கும் இறங்காமல் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது. உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவியால் அது தெரியவந்தது.

நோட்டில் இருப்பதை இ-பேர்டிலும் ஏற்றுகிறேன். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதியும், 2002 முதல் இயங்கும் இணையதளம் அது. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று ஒவ்வொரு பட்டியலிலும் கேட்கும். ‘ஆம்’ என்று சொல்ல வேண்டுமானால் காக்கையையும் விடக்கூடாது. அப்படிக் கொடுத்தால்தான், பட்டியலில் ஆலா என்கிற கடற்பறவை இல்லாத நாளில் ஆலா உண்மையிலேயே கண்ணில் படவில்லை என்று ஆய்வு செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ள முடியும்.