பர்லியாறில் நின்ற அம்பாசிடர்

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி கல்லாறு வரைக்கும் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். அதற்கப்புறம் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். இன்ஜினின் யோக்கியதை அங்கேதான் தெரியும்.

எங்களுடையது சித்தப்பாவின் 1984 மாடல் அம்பாசிடர். மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து இன்ஜின். வேகம் கிடையாது என்றாலும் மலைக்கு அஞ்சாது. செகண்ட் கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும்.

சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை ஒரு குறையும் இல்லை. சேலம் தாண்டியதும் லாரிகளை முந்த ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி யோசித்து யோசித்துப் போனது. அவினாசியில் பிரிந்து அன்னூர் வழியாக வரும்போது சைலன்சரில் அவ்வப்போது 'டப்' என்று ஒரு சத்தம். மலை தொடங்கியதும் இழுவையே இல்லை. டெம்பரேச்சர் முள் மட்டும் விறுவிறுவென்று ஏறியது. பர்லியாறு பழக்கடைகளுக்கு முன்னால் சமமான இடம் பார்த்து ஓரங்கட்டினோம்.

மங்குஸ்தான் விற்கும் அக்கா, "வண்டி சூடாயிடுச்சுங்களா? ரேடியேட்டரைப் பாருங்க" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவருக்கு, சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம். மலைப்பாதையில் கார் கொதித்தால் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். ஆனால் ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. ஆறவிட்டு மூடியைத் திறந்தால் தண்ணீரும் பெரிதாகக் குறையவில்லை.

"தண்ணி கொதிச்சா தண்ணியையே பாப்பியா? நெருப்பு எப்போ பிடிக்குதுன்னு பாருடா" என்றார் சித்தப்பா.

விஷயம் இதுதான். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் இறங்கும்போது முழு அழுத்தமும் அதன் தலையில் விழும். பொறி தாமதித்தால், பிஸ்டன் பாதி இறங்கிய பிறகும் பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கும். சக்கரத்துக்குப் போக வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வால்வையும் சிலிண்டர் ஹெட்டையும் காய்ச்சும். அங்கிருந்து தண்ணீருக்குப் போகும். இழுவையும் போச்சு, ரேடியேட்டரும் கொதிச்சாச்சு. பொறி ரொம்ப முந்தினால் வேறு கதை: ஏற்றத்தில் இன்ஜினுக்குள் சில்லறை குலுக்கிய மாதிரி நாக்கிங் கேட்கும். எங்களுக்கு அந்தச் சத்தம் இல்லவே இல்லை.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைச் சித்தப்பா கழற்றினார். அதற்குள் இருக்கும் பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்ச் திறக்கிற கணத்தில்தான் பிளக்கில் பொறி விழும். ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டி நான் மெல்லச் சுற்ற, பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். இடைவெளி 15 தவ், அதாவது 0.015 அங்குலம் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் அவருடைய ஃபீலர் கேஜில் அதில் பாதித் தகடுகூட நுழையவில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது பாயிண்ட் போட்டிருந்தார்கள். சுற்றிச் சுற்றிப் பாயிண்டைத் திறக்கவைக்கும் கேமில் ஒரு பொட்டு கிரீஸ் வைக்கவில்லை. பாயிண்டின் ஃபைபர் குதிகால் 500 கிலோமீட்டருக்கு மேல் காய்ந்த கேமில் உரசித் தேய்ந்திருந்தது. குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், தானாகவே பின்னுக்குப் போகும். போனட்டைத் திறந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பதுதான் இதன் விஷமம்.

பாயிண்ட் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரியாக வைத்தார். சித்தியின் கைப்பையிலிருந்த வாசலினில் விரல்நுனியால் தொட்டுக் கேமில் பூசினார். வழியில் கிரீஸுக்கு எங்கே போவது? அப்புறம், இன்ஜினின் உறிஞ்சலை வைத்துப் பொறியை முன்னே தள்ளும் வேக்கம் பைப்பைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினார். உள்ளே பாயிண்ட் தகடு லேசாகத் திரும்பியது. நாக்கால் பைப்பை அடைத்துப் பிடித்தபோதும் அது அப்படியே நின்றது. அதை இழுக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு ஓட்டையாக இருந்தால் உடனே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுமாம்.

கடைசியாகப் பல்பு. 12 வோல்ட் பல்பின் ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டெர்மினலில், இன்னொன்று இன்ஜின் பாடியில். சாவியைப் போட்டு ஹேண்டிலை இன்ச் இன்சாகச் சுற்றினால், பாயிண்ட் திறக்கிற கணத்தில் பல்பு எரியும். அதே நேரத்தில் இன்ஜினின் முன்பக்கம் சுற்றும் கிராங்க் புல்லியில் உள்ள வெட்டு, இன்ஜினில் உள்ள டைமிங் குறிக்கு நேராக வந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கக் காருக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டும்; அது என் வேலை. இடைவெளியைச் சரிசெய்ததுமே முக்கால்வாசி சரியாகியிருந்தது. மிச்சத்துக்கு கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பொறி முந்தி விழ, உள்ளே ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பினார்.

பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொல்கிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் பர்லியாறில் அது படுத்தால் வாசலின் உதவாது.

பிறகு ஒரே ஓட்டம். முள் பாதிக்கு மேல் போகவில்லை. குன்னூரை நெருங்கும்போது இழுவை மறுபடி கொஞ்சம் குறைந்தது. ஆனால் அது டைமிங் கோளாறு இல்லை. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டி மூச்சு வாங்கத்தான் செய்யும். அங்கே டைமிங்கை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளலாமா என்று கேட்டேன். "தள்ளலாம். கீழே இறங்கினதும் திருப்பி வைக்க மறந்துட்டா நாக்கிங் அடிக்கும். சும்மா வா" என்றார்.

திரும்பும்போது கோத்தகிரி வழியாக இறங்கினோம். மேட்டுப்பாளையத்தில் ஒரு ஸ்பேர் கடையில் பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் கிடைத்தன. கிரீஸ் ட்யூபைச் சித்தப்பா தனியாகக் கேட்டு வாங்கினார்.