முன் ஃபோர்க்குக்குப் புது ஸ்பிரிங்

பிப்ரவரி 3

பிரேக் பிடித்தால் பைக்கின் முன்பக்கம் குப்புற இறங்குகிறது. பள்ளத்தில் விழுந்தால் டங்கென்று அடி தட்டுகிறது. இன்று அளந்தே பார்த்துவிட்டேன். முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்க் கால்கள்; உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும்) முழுக்க நீட்டி ஓர் அளவு, நான் ஏறி உட்கார்ந்து ஓர் அளவு. 52 மி.மீ. இறங்குகிறது. ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த ஓட்டமே 120 மி.மீ.தான். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40-க்குள் நிற்க வேண்டும்.

மூடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் குழாயை நீளமாக்கினால் போதும் என்பார்கள். ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு, கூட்டினால் வண்டி உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. சீராகச் சுற்றிய 0.7 கிலோ ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்தி வைத்தாலும், அடுத்த ஒரு மி.மீ. அமுங்க அதே 0.7 கிலோதான் கேட்கும். என் எடைக்கு 0.85 வேண்டும். ஆர்டர் போட்டாயிற்று.

பிப்ரவரி 15

ஸ்பிரிங் வந்துவிட்டது. சீரான சுற்று, பழையதில் ஒரு முனை மட்டும் நெருக்கமாகச் சுற்றியிருக்கும்.

பிப்ரவரி 16

முன்சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். இதை மட்டும் யாரும் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது. எடை ஃபோர்க்கின் மேல் இருக்கும்போது குழாயின் மேல்மூடியைத் திறந்தால் மூடி தெறிக்கும், வண்டியும் சடாரென்று இறங்கிவிடும். குழாயை இறுக்கிப் பிடிக்கும் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திய பிறகே மூடிக்கு ஸ்பேனர் வைத்தேன். கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருந்தால் மரை சுலபமாகத் திரும்பாது. கடைசி மரையில் உள்ளிருந்து ஸ்பிரிங் தள்ளுவது உள்ளங்கையில் தெரிந்தது. முகத்தை விலக்கிக்கொண்டு, அழுத்தியபடியே கழற்றினேன்.

பழைய ஆயில் சாம்பல் நிறக் குழம்பு. ஃபோர்க்கை வண்டியிலிருந்து கழற்றிக் கவிழ்த்து வைத்து, ஏற்றி இறக்கிக் கடைசிச் சொட்டு வரை வடித்தேன்.

பிப்ரவரி 17

புது 10டபிள்யூ ஆயில் (இந்த எண் கூடினால் ஆயில் கெட்டி). எத்தனை மில்லி என்று பார்த்து ஊற்றுவதைவிட மட்டம் பார்த்து ஊற்றுவதே சரி. ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை அளக்க வேண்டும். ஆயிலுக்கு மேலுள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான்; ஓட்டத்தின் கடைசியில் அதன் வேலை நன்றாகவே தெரியும். அதனால் இரண்டு கால்களிலும் மட்டம் ஒன்றாக இருந்தாக வேண்டும். அளப்பதற்கு முன் குமிழி நிற்கும்வரை மெதுவாகப் பம்ப் செய்தேன்.

மூடி முழுக்க இறங்கும்போது ஸ்பிரிங் 20 மி.மீ. அமுங்கும்படி ஸ்பேசரை வெட்டி, முனையை நேராக அரத்தால் தேய்த்தேன். நடுவில் வாஷர். மூடியை முதலில் எதிர்ப்பக்கம் சற்றுத் திருப்பி, மரை 'டிக்' என்று உட்கார்ந்த பிறகு இறுக்கினேன். அலுமினிய மரை, ஒருமுறை கோணலாக ஏறினால் போச்சு.

பிப்ரவரி 18

இப்போது நான் உட்கார்ந்தால் 39 மி.மீ.தான் இறங்குகிறது! பிரேக்கில் முன்பக்கம் அளவாக இறங்கி அங்கேயே நிற்கிறது. அடி தட்டவில்லை. ஆனால் மேடு தாண்டியதும் ஃபோர்க் கொஞ்சம் வேகமாக எழும்புகிறது. ஸ்பிரிங் கடினமானால் அதைத் திரும்பும்போது பிடித்து நிறுத்த ஆயிலும் கெட்டியாக வேண்டும், அப்படித்தான். இந்த ஃபோர்க்கில் எழும்பும் வேகத்தைத் திருகி மாற்ற வசதி இல்லை. அடுத்த வாரம் 15டபிள்யூ ஊற்றிப் பார்க்கிறேன், மட்டம் அதேதான்.